பட்டனுக்கு முன்னால பாரம்

தம்பி, நீ அனுப்பின போட்டோ வந்துச்சு. களக்காட்டுல வாழைத்தோட்டத்து வேலி ஓரம் உன் பிக்கப் நிக்குது. பக்கத்துல யாரோடதோ இன்னொரு வண்டி, பெரிய பெரிய பட்டன் வச்ச டயரோட. "அக்கா, இதே மாதிரி ஆல்-டெரெய்ன் நாலு போடணும். வண்ணார்பேட்டையில விசாரிச்சுச் சொல்லுக்கா"ன்னு கேட்டிருந்தே.

விசாரிச்சேன். பைபாஸ் ரோட்டுல மூணு கடை ஏறி இறங்கினேன். நம்ம வீட்டுல ரெண்டு லோடு வண்டி பதிமூணு வருஷமா ஓடுது. டயர் வாங்கின கணக்கு நோட்டு என்கிட்டதான் இருக்கு. எந்த டயர் எந்தத் தேதியில போட்டோம், எத்தனை கிலோமீட்டர் வந்துச்சு, எங்கே கிழிஞ்சதுன்னு எல்லாம் அதுல இருக்கு. அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். உனக்கு மட்டும் இல்ல. ஏர்வாடியிலயும் சேரன்மகாதேவியிலயும் அம்பாசமுத்திரத்துலயும் உன்னை மாதிரி சொந்தமா ஒரு பிக்கப் எடுத்துத் தவணை கட்டி ஓட்டுற தம்பிங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல டயர் கடைக்குப் போகாதே. எடை மேடைக்குப் போ.

வழக்கமா நீ ஏத்துற லோடை ஏத்திக்கிட்டே போ. ஒரு தார் பன்னெண்டு கிலோன்னு வச்சா 120 தாருக்கு 1,440 கிலோ ஆகுது. மொத்த வண்டிக்கும் ஒரு எடைச்சீட்டு வாங்கு. அப்புறம் முன் சக்கரம் ரெண்டையும் மேடையை விட்டு வெளியே இறக்கி நிறுத்தி, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி இன்னொரு சீட்டு வாங்கு. எடை போடுறவர்கிட்ட "பின் ஆக்ஸில் தனியா வேணும்ணே"ன்னு சொன்னா அவருக்குப் புரியும். அந்த ரெண்டாவது சீட்டுதான் நீ டயர் வாங்கப் போறப்போ சட்டைப்பையில இருக்க வேண்டியது. பிக்கப்புல லோடு ஏறக்குறைய முழுக்கப் பின்னாலதான் உட்காருது. பின் ஆக்ஸில்ல 2,000 கிலோன்னு வந்தா, ஒரு டயர் 1,000 கிலோவைச் சுமந்துக்கிட்டு ஓடணும். குழியில விழுந்து எந்திரிக்கிறப்போ அதைவிடக் கூட.

இப்போ டயரோட பக்கவாட்டைப் பாரு. 215/75 ஆர் 15-ன்னு அளவு போட்டிருக்கும். அதை ஒட்டியே சின்னதா ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். நம்ம ஆளுங்க அளவை மட்டும் படிச்சுட்டு அந்தச் சின்ன எண்ணை விட்டுருவாங்க. அதுதான் ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும்னு சொல்ற எண். 100-ன்னா 800 கிலோ. 104-ன்னா 900. 108-ன்னா 1,000. 112-ன்னா 1,120. பக்கத்துல இருக்கிற எழுத்து வேகத்துக்கு. கியூ 160 கிலோமீட்டர், எஸ் 180. லோடு வண்டிக்கு வேக எழுத்தைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம், அந்த வேகத்துக்கு நீ போகவே போறதில்ல. லோடு டயர்ல சில சமயம் 106/103-ன்னு ரெண்டு எண் இருக்கும். பின்னால பக்கத்துக்கு ஒரு டயர் இருக்கிற வண்டிக்கு முதல் எண்ணைப் பாரு. ரெண்டாவது, பக்கத்துக்கு ரெண்டு டயர் போடுற வண்டிக்கு.

இந்தச் சின்ன எண்ணை நான் எப்படிப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்றேன். ஒரு சித்திரை மாசம். வீட்டுக்காரர் ஒரு இடத்துல நாலு கழட்டின டயர் வாங்கிட்டு வந்தார். ஏதோ பெரிய ஜீப்புல இருந்து கழட்டினது, ஆல்-டெரெய்ன், பட்டன் முக்கால்வாசி அப்படியே இருந்துச்சு. புது டயர் விலையில பாதிக்கும் குறைவு. அளவு நம்ம வண்டிக்கு அச்சு அசல் பொருந்துச்சு, டிஸ்க்குல சிக்குனு உட்காந்துச்சு. எனக்கும் அன்னிக்குச் சந்தோஷம்தான், நோட்டுல மிச்சம்னு எழுதி வச்சேன். பத்தொன்பதாவது நாள் நாங்குநேரியில இருந்து தார் ஏத்திக்கிட்டு வர்றப்போ, மூன்றடைப்பு தாண்டி, உச்சி வெயில்ல இடது பின் டயர் வெடிச்சுது. நல்ல வேளை, வேகம் குறைவு, வண்டி கவிழல.

நான் ஆட்டோ பிடிச்சு அங்கே போனேன். டயரைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. பட்டனுக்கு ஒரு சேதமும் இல்ல, புதுசு மாதிரியே இருந்துச்சு. பக்கச் சுவர் மட்டும் முழங்கை நீளத்துக்குக் கிழிஞ்சு, உள்ளே இருந்து நூல் நூலா வெளியே தொங்குச்சு. உள்ளே கையை விட்டா கருப்பு மாவு. ரப்பர் அரைஞ்சு அரைஞ்சு மாவாகி, டயரைக் கவிழ்த்தப்போ நிலத்துல கொட்டுச்சு. தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு. அப்போதான் கூட வந்த பஞ்சர் கடைத் தம்பி விரலை வச்சுக் காட்டினான். "அக்கா, இது ஆளு ஏறுற வண்டி டயர். 100 எஸ்னு போட்டிருக்கு பாருங்க. 800 கிலோதான் தாங்கும். நீங்க ஆயிரம் ஏத்துதீங்க." அளவு சரி, பட்டன் சரி, பாரம் சரியில்ல. ஒவ்வொரு நடையிலயும் பக்கச் சுவர் அளவுக்கு மேல மடங்கி மடங்கி, உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டு இருந்திருக்கு. நடுரோட்டுல தாரெல்லாம் இன்னொரு வண்டிக்கு மாத்தி ஏத்தினோம். வெயில்ல கிடந்து காய் கருத்துப் போச்சு, பாதி விலைக்குத்தான் போச்சு.

அதனாலதான் தம்பி, பட்டனுக்கு முன்னால பாரத்தைப் பாருன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். ஆல்-டெரெய்ன், சுருக்கமா ஏ.டி.ன்னு கடையில கேட்டா எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்போலோ ஆப்டெரா, ஜே.கே. ரேஞ்சர், யோகோஹாமா ஜியோலேண்டர்னு பேர் வரும். நல்ல டயருங்கதான். ஆனா அந்த வரிசையெல்லாம் பெரும்பாலும் ஜீப், எஸ்.யூ.வி.யை மனசுல வச்சு வர்றது. ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப் வச்சிருக்கிறவங்களுக்குச் சுலபமாக் கிடைக்கும். உன் பொலேரோ பிக்கப் மாதிரி, ஒன்றரை டன் சுமக்கிற வண்டிக்கு, அதே அளவுல அதே பாரம் தாங்குற ஏ.டி. இருக்கான்னு எண்ணைக் காட்டிக் கேளு. இருந்தா யோசி. எண் ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். கடைக்காரர் "எல்லாரும் போடுதாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாலும் வேண்டாம். அதுக்குப் பதிலா லோடு வண்டிக்குன்னே செமி-லக்னு ஒண்ணு வரும். நடுவுல நெருக்கமா ரிப், ஓரத்துல வெட்டு வெட்டாப் பட்டன். பார்க்க ஏ.டி. மாதிரி மிரட்டாது. உன் வேலைக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

போதுமா போதாதான்னு முடிவு பண்ணணும்னா, நீ ஓடுற மண்ணை நினைச்சுப் பார்க்கணும். தாமிரபரணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்ணு அஞ்சாறு மைலுக்கு ஒருக்கா மாறுது. ஒரே டயர் எல்லாத்துலயும் ஜெயிக்காது.

உன் வழியையே எடுத்துக்கோ. மலையடிவாரத் தோட்டத்துல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் செம்மண்ணும் சரளும் கலந்த வண்டிப்பாதை. அப்புறம் நாங்குநேரி வந்து நாலுவழிச்சாலையைப் பிடிச்சா டவுன் நயினார்குளம் மார்க்கெட் வரைக்கும் நாற்பது கிலோமீட்டர்கிட்டத் தார் ரோடு. ரோட்டுக் கணக்குப்படி உனக்குச் சாதா டயர் போதும். ஆனா அந்த மூணு கிலோமீட்டரை நீ கடக்குறது முழு லோடுல, ஐப்பசி கார்த்திகை மழையில. அங்கே ஒரு தடவை சிக்கினா டிராக்டருக்குக் கொடுக்குற காசும், ஏலம் முடிஞ்ச பிறகு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ற நஷ்டமும் சேர்ந்து ஒரு டயர் விலையில கால்வாசியைத் தின்னுரும். அதனால உனக்குப் பட்டன் வேணும்தான். ஆனா மிதமான பட்டன். நடுப்பகுதி நெருக்கமா, ஓரம் மட்டும் திறந்த மாதிரி. சேறு டயர்னு ஒண்ணு வரும், பட்டனுக்கு நடுவுல ரெண்டு விரல் போற மாதிரி இடைவெளி. அதைத் தொடாதே. தார் ரோட்டுல அது சீக்கிரம் தேயும், சத்தம் காதைத் துளைக்கும், மழையில பிரேக் பிடிச்சா வழுக்கும்.

வயக்காட்டு வேலை இருக்கிற தம்பிங்களுக்கு. கன்னடியன் கால்வாய்க் கரையிலயோ கோடகன் கால்வாய்க் கரையிலயோ பிசான அறுவடை நேரத்துல நெல் மூட்டை எடுக்கப் போறவங்களுக்கு ஏ.டி. நல்லாவே கைகொடுக்கும். ஈரக் களிமண்ணு மேல ஓரப் பட்டன் கடிச்சு ஏறும். கரையோட விளிம்புல போறப்போ வண்டி பக்கவாட்டுல சரியாம நிக்கிறதும் அந்த ஓரப் பட்டனாலதான்.

மானூர்ப் பக்கமும் அதுக்கு வடக்கேயும் கரிசல். இதுல மட்டும் எந்த டயர்காரர் என்ன சொன்னாலும் நம்பாதே. மழை பெய்ஞ்ச கரிசல் டயரோட இடைவெளி முழுக்க அப்பிக்கிட்டு, நாலு சுத்து சுத்தினா டயரே ஒரு மண் உருண்டையா ஆகிரும். அப்புறம் புது ஏ.டி.யும் ஒண்ணு, மொட்டை டயரும் ஒண்ணு. ஒரு நாள் வெயில் அடிச்சு மேல் மண்ணு காயுற வரைக்கும் காத்திருக்கிறதுதான் அங்கே வழி. டிராக்டர் மட்டும் எப்படிப் போகுதுன்னு கேப்பே. அதோட பட்டன் மீன்முள் மாதிரி சாய்வா, நடுவுல அகலமான இடைவெளியோட இருக்கும். சுத்தச் சுத்த மண்ணு ஓரமா வழிஞ்சு விழுந்துரும். அந்த மாதிரி டயரெல்லாம் நம்ம கங்கைகொண்டான்லயே செய்றாங்க தெரியுமா? அலையன்ஸ் கம்பெனி 2009-ல அங்கே ஆலை தொடங்குச்சு, 2016-ல ஜப்பானோட யோகோஹாமா அதை வாங்குச்சு. வயலுக்கும் காட்டுக்கும் பெரிய மண்வேலை இயந்திரத்துக்கும் போற டயர் அங்கே இருந்து வெளிநாட்டுக்கு ஏறுது. நம்ம ஊர்ப் பிள்ளைங்க எத்தனையோ பேர் அங்கே வேலை பார்க்கிறாங்க. எனக்கு அதுல ரொம்பப் பெருமை. ஆனா உன் பிக்கப்புக்கான டயர் அந்த வகை இல்ல.

திசையன்விளை, சாத்தான்குளம் தேரிக்குள்ள முருங்கையும் கருப்பட்டியும் எடுக்கப் போறவங்க கதை வேற. சிவப்பு மணல்ல பட்டன் பெருசா இருக்க இருக்கத் தோண்டிக்கிட்டுக் கீழே போகும். அங்கே உதவுறது காத்துதான். வெறும் வண்டியா உள்ளே போறப்போ டயர்ல வழக்கமா வைக்கிற காத்துல மூணுல ஒரு பங்கை இறக்கிட்டா டயர் அகலமாப் பரந்து மணல் மேலேயே மிதந்து போகும். வேகம் இருபதைத் தாண்டக் கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கக் கூடாது. லோடு ஏத்தின வண்டிக்கு இதைச் செய்யாதே. தார் ரோட்டுக்கு வந்ததும் முழுக்காத்து அடிச்ச பிறகுதான் அடுத்த அடி. பேட்டரியில மாட்டுற சின்னக் காத்துப் பம்பு ஒண்ணு சீட்டுக்கு அடியில கிடக்கட்டும்.

வள்ளியூர், பணகுடி காத்தாடிப் பாதை எல்லாம் கூர்ச் சரள். மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலை ஏறுற பாதையும் அப்படித்தான், கல்லும் வளைவும். 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த அந்த மாஞ்சோலை எஸ்டேட், 2024-ல வேலை நின்னு, தலைமுறை தலைமுறையா இருந்த குடும்பங்க கீழே இறங்கினப்போ, அவங்க கட்டிலையும் பீரோவையும் ஏத்தி வந்தது நம்ம மாதிரி வண்டிங்கதான். அந்த மாதிரிப் பாதையில ஏ.டி. டயரோட தடிச்ச பட்டனும் தோள்பட்டைப் பகுதி கனமா இருக்கிறதும் உண்மையாவே பிரயோஜனம், கல்லு சீக்கிரம் வெட்டாது. இறக்கத்துல மட்டும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதே, கியரைக் குறைச்சு வா. டிரம் சூடு டிஸ்க்கு வழியா டயருக்கும் ஏறும்.

அப்புறம் நம்ம ஊர் எமன், சீமை உடைமுள். பட்டன் ஆழமா இருந்தா முள் உள்ளே இறங்குறது குறையும், ஆனா பட்டனுக்கு நடுப் பள்ளத்துல ரப்பர் மெல்லிசு, அங்கே குத்தினா எந்த டயரும் தாங்காது. டியூப் போட்ட டயர்னா ஒரு விஷயம் கட்டாயம். பஞ்சர் ஒட்டி முடிச்சதும் டியூபை அப்படியே உள்ளே வைக்க விடாதே. பழைய துண்டு ஒண்ணைச் சுருட்டி டயரோட உட்பக்கம் முழுக்க மெதுவா ஒரு சுத்துத் துடைக்கச் சொல்லு. உடைஞ்ச முள் நுனி இருந்தா துண்டுல நூல் இழுக்கும். வெறுங்கையால தடவினா விரல்ல ஏறும், சீழ் பிடிக்கும். டியூப்லெஸ்னா பட்டன் பகுதியில இருக்கிற ஓட்டையை அடைக்கலாம். பக்கச் சுவர்ல ஓட்டைன்னா அந்த டயரை லோடுக்குப் போடாதே, யார் ஒட்டித் தந்தாலும் போடாதே.

அளவு மாத்துற ஆசை உனக்கு இருக்குன்னு தெரியும். 215/75-க்குப் பதில் 235/75 போட்டா கம்பீரமா இருக்கும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. கணக்குப் போட்டுப் பாரு. முதல் டயரோட மொத்த உயரம் 703 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இரண்டாவது 733. வண்டி தரையில இருந்து ஏறுறது ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதுக்கு விலையா, மீட்டர் அறுபது காட்டுறப்போ வண்டி அறுபத்திரண்டரையில போகும், லோடுல ஏத்தம் ஏறுறப்போ இழுவை குறையும், முழுசா ஒடிச்சா உள்பக்கம் உரசும். சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. எஃப்.சி.க்கு நிறுத்துறப்போ நீதான் பதில் சொல்லணும். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன அளவு, எவ்வளவு காத்துன்னு இருக்கும். அதை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ. சில வண்டிக்கு ரெண்டு அளவு அனுமதி இருக்கும், அதுக்குள்ள எதை வேணும்னாலும் போடலாம்.

மலை மூணு சிகரமும் நடுவுல பனிப்பூவும் போட்ட முத்திரை ஒண்ணு சில ஏ.டி. டயர்ல இருக்கும். அது பனியில ஓட்டுறதுக்கான தகுதி. ஏ.டி. ரேடியல்னு ஒண்ணை முதன்முதல்ல பி.எஃப். குட்ரிச் கொண்டுவந்ததே 1976-ல, அமெரிக்காவுல. அவங்க நாட்டுல பனியும் உண்டு, பாலைவனமும் உண்டு. நமக்கு அந்த முத்திரைக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு மட்டும் பாரு, அது கட்டாயம்.

கடையில நிக்கிறப்போ நீயே குனிஞ்சு பார்க்க வேண்டிய இன்னொண்ணு, தயாரிப்புத் தேதி. பக்கச் சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 3525-ன்னா 2025-ஆம் வருஷம் 35-வது வாரம். அது டயரோட ஒரு பக்கத்துல மட்டும்தான் முழுசா இருக்கும், அதனால டயரைத் திருப்பிப் போட்டுப் பாரு. நாலுலயும் பாரு. மூணு புதுசும் ஒண்ணு ரெண்டு வருஷப் பழசுமாத் தள்ளி விடுறது நடக்கும். ஏ.டி. டயர் நம்ம ஊர்ல மெதுவாத்தான் விக்கும், அதனால கடை அலமாரியில வெயில் பட்டுக் கிடந்தது மாட்டும். ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா வேற கொண்டு வரச் சொல்லு.

விலை கேட்கிறப்போ, டியூப்லெஸ்னா புது வால்வு, ஏத்துக் கூலி, பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் அதுல சேர்ந்ததான்னு கேளு. பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னும் கேளு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18-க்கு இறங்கியிருக்கு. பழைய விலைப் பட்டியலைக் காட்டினா இதை எடுத்துச் சொல்லு. பில் இல்லாம வாங்காதே. பில்லுல டயரோட வரிசை எண்ணையும் எழுதி வாங்கு, ஏதாவது ஆச்சுன்னா வாரண்டி கேட்க அதுதான் சாட்சி.

நாலுக்கும் காசு இல்லைன்னா ரெண்டு வாங்கு, ரெண்டையும் பின்னால போடு. நைலானையும் ரேடியலையும் கலக்காதே. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா நாலும் ஒரே மாதிரிதான் இருக்கணும், இல்லைன்னா கியர் பெட்டிக்குக் கேடு. ஸ்டெப்னியை மறந்துராதே. லோடு வண்டியில பஞ்சர் ஆனா ஸ்டெப்னியும் அதே பாரத்தைச் சுமக்கணும், மொட்டையான டயரை அங்கே கட்டித் தொங்க விடுறதுல அர்த்தமே இல்ல. ரீபட்டன் டயரை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல கடையில பண்ணினா பெரிய லாரியெல்லாம் அதுலதான் ஓடுது. ஆனா கூடு எத்தனை வருஷம் பழசுன்னு தெரியாததை வாங்காதே.

மாட்டினதும் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் அலட்டாம ஓட்டு. நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை வீல் நட்டை இறுக்கிப் பாரு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னது பின்னது மாத்தி, அலைன்மென்ட் பார்த்திரு. ஏ.டி. பட்டன் ஒரு பக்கம் மட்டும் தேய ஆரம்பிச்சா ஓடுறப்போ ஙொய்னு சத்தம் வரும், அதுக்கப்புறம் அலைன்மென்ட் பண்ணினாலும் அந்தச் சத்தம் போகாது.

காத்து எப்பவும் காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னால பாரு. நாற்பது கிலோமீட்டர் ஓடின பிறகு சூட்டுல காத்து ஏறித்தான் காட்டும். "கூட இருக்குண்ணே"ன்னு பம்புல சொன்னா இறக்க விடாதே. ஆறினதும் குறைஞ்சுரும், அடுத்த நடை முழு லோடுல குறைஞ்ச காத்தோட போவே. மூன்றடைப்புல நாங்க பார்த்த மாவு அப்படியும் உருவாகும். பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், பக்கச் சுவர்ல டி.டபிள்யூ.ஐ.னு போட்ட இடத்துக்கு நேரே தேடிப் பாரு. அது பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டைத் தொட்டா டயர் முடிஞ்சது. மழைக்காலத்துக்கு நான் அதுவரைக்கும் விட மாட்டேன். புரட்டாசி கடைசியிலயே மாத்திருவேன்.

மழைன்னதும் எனக்கு 2023 டிசம்பர்தான் வரும். 17-ஆம் தேதி பெய்ய ஆரம்பிச்சது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஆறு வண்ணார்பேட்டைக்குள்ள வந்துச்சு, உனக்கே தெரியும், நீ போன் பண்ணிக்கிட்டே இருந்தே. தண்ணி வடிஞ்ச பிறகு பால் பாக்கெட்டும் தண்ணிக் கேனும் எடுத்துக்கிட்டு இங்கே இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் போனது பிக்கப்பும் டிராக்டரும்தான். ரோட்டுல ஒரு சாண் வண்டல், சோப்பு மாதிரி வழுக்குச்சு. நல்ல பட்டன் இருந்த வண்டி அதுல போச்சு, மொட்டை டயர் வண்டி அங்கங்கே திரும்பி நின்னுச்சு. அந்த ஒரு வாரத்துல ஏ.டி. டயரோட அருமை எனக்குப் புரிஞ்சுது. அதே நேரம், ஓடுற தண்ணிக்குள்ள அந்தத் தைரியத்துல இறங்கினா வண்டியே மிதக்கும். டயருக்குள்ள இருக்கிறதும் காத்துதானே. முழங்கால் அளவு தண்ணி ஓட்டமா இருந்தா இறங்காதே தம்பி. யார் அவசரப்படுத்தினாலும், எந்த டயர் போட்டிருந்தாலும். தண்ணியில நின்ன வண்டின்னா டிரம்மைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வச்சு, பட்டனுக்குள்ள ஆணி, கண்ணாடிச் சில்லு இருக்கான்னு ஸ்குரூ டிரைவரால ஒவ்வொரு பள்ளமாக் குத்திப் பார்த்த பிறகுதான் எடுக்கணும். நாங்க அன்னிக்கு ஒரே டயர்ல பதினோரு ஆணி எடுத்தோம்.

ஞாயித்துக்கிழமை வர்றப்போ எடை மேடைச் சீட்டு ரெண்டும், கதவு ஸ்டிக்கர் போட்டோவும், இப்போ போட்டிருக்கிற டயரோட பக்கச் சுவரைக் கிட்டத்துல எடுத்த போட்டோவும் கொண்டு வா. முன்னால பின்னால தனித்தனியா எடு. பதினொரு மணிக்குள்ள வந்துரு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ரெண்டு கடை பார்த்துரலாம். பின் ஆக்ஸில் சீட்டு மட்டும் இல்லாம வந்துராதே.